கைக்கு வராத பணத்துக்கு வரி!
பிரிட்டன் அரசு மருத்துவமனைகளைக் காலியாக்கிய பென்ஷன் கணக்கு

2019 கோடைக்காலம். இங்கிலாந்தின் நடுத்தர நகரம் ஒன்றில் அரசு மருத்துவமனை. சனிக்கிழமை காலை எட்டு மணி. ஆபரேஷன் தியேட்டரில் மேஜை தயார். கருவிகள் கிருமி நீக்கிக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. விளக்கு மட்டும் எரியவில்லை. காத்திருப்போர் பட்டியலைக் குறைக்கச் சனிக்கிழமைகளில் மூன்று நான்கு பேருக்காவது இங்கே இடுப்பு மூட்டு மாற்றுவார்கள். இன்று அறுவை மருத்துவர் வரவில்லை. அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஊரிலும்தான் இருக்கிறார். வீட்டுச் சமையலறை மேஜையில் ஒரு கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய ஓய்வூதியம் அந்த ஆண்டு வரம்புக்கு மேல் வளர்ந்துவிட்டதாம். அந்த வளர்ச்சிக்கு வரி கட்ட வேண்டுமாம். இனி சனிக்கிழமை வேலை வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஊரையும் ஆளையும் மாற்றிக்கொண்டால், அந்த ஆண்டு இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் நடந்தது ஏறக்குறைய இதுதான். கூடுதல் நேர வேலையை மருத்துவர்கள் மறுத்தார்கள். சிலர் வாரத்தில் ஒரு நாளைக் குறைத்தார்கள். சிலர் அறுபதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். பென்ஷன் அதிகம் சேர்கிறது என்பதற்காக ஒருவர் வேலையைக் குறைப்பாரா என்று நம் ஊரில் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மதுரையிலும் தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் படித்துவிட்டுப் போய் என்.எச்.எஸ். எனப்படும் அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவையில் கன்சல்டன்டாக, அதாவது மூத்த சிறப்பு மருத்துவராக, இருக்கும் உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால் அவரிடம் கேளுங்கள். "டாக்ஸ் லெட்டர் வந்துச்சா?" என்பது அந்த வட்டாரத்தில் நலம் விசாரிப்பதுபோல ஆகிவிட்டிருந்த காலம் அது.

ஒரே ஊழியர், இரண்டு திட்டம்

என்.எச்.எஸ். பிறந்தது 1948 ஜூலை 5. அதன் ஓய்வூதியத் திட்டமும் அதே வயதுதான். இதில் தனி நிதி எதுவும் கிடையாது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இன்று வேலை செய்பவரின் சம்பளத்தில் பிடிப்பதும், மருத்துவமனை செலுத்துவதும் சேர்ந்து இன்று ஓய்வில் இருப்பவருக்குப் போகிறது. நாளை இவருக்கு அரசு தரும். பங்குச் சந்தை விழுந்தாலும் எழுந்தாலும் ஓய்வூதியம் மாறாது. தனியார் துறையில் இப்படியொரு உறுதி ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது.

பழைய திட்டத்துக்கு '1995 பிரிவு' என்று பெயர். கடைசிச் சம்பளத்தில் 80இல் ஒரு பங்கை, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கினால் வருவது ஆண்டு ஓய்வூதியம். அதைப்போல மூன்று மடங்கு மொத்தத் தொகை தனியே கிடைக்கும். ஓய்வு வயது 60. 1995 மார்ச் 6க்கு முன் சேர்ந்த நர்ஸ், மருத்துவச்சி, பிசியோதெரபிஸ்ட் போன்றோர் 55 வயதிலேயே முழு ஓய்வூதியத்தோடு போகலாம். பிறகு வந்த '2008 பிரிவு' ஓய்வு வயதை 65 ஆக்கியது. 2015 ஏப்ரலில் வந்த புதிய திட்டம் கடைசிச் சம்பளம் என்ற பேச்சையே எடுத்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் வாங்கிய சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு வரவு வைக்கப்படும். வேலையில் இருக்கும்வரை அது விலைவாசி உயர்வோடு ஒன்றரை விழுக்காடு சேர்ந்து வளரும். ஓய்வு வயது, பிரிட்டன் அரசு எல்லோருக்கும் தரும் ஸ்டேட் பென்ஷனின் வயதுதான். அது இப்போது 66இலிருந்து 67ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய மருத்துவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கால் பழைய திட்டத்தில், மறு கால் புதிய திட்டத்தில். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

பதினாறால் பெருக்கு

ஓய்வூதியத்துக்காகச் சேர்க்கும் பணத்துக்குப் பிரிட்டனில் வருமான வரி இல்லை. அந்தச் சலுகையை வசதியுள்ளவர்கள் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். நியாயமான யோசனைதான். தன் வருமானத்தைத் தானே முடிவு செய்யும் ஒரு நிறுவன முதலாளி, வரம்பு வந்ததும் பணம் போடுவதை நிறுத்திவிடுவார். மருத்துவரால் அது முடியாது. அவருடைய ஓய்வூதியம் எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிப்பது அரசின் சூத்திரம். ஆண்டு முடிந்த பிறகுதான் அது அவருக்கே தெரியவரும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். இருபது ஆண்டுகள் பழைய திட்டத்தில் இருந்து, பிறகு புதிய திட்டத்துக்கு மாற்றப்பட்ட ஒரு கன்சல்டன்ட். இந்த ஆண்டு பொறுப்பு உயர்வோடு அவருடைய சம்பளம் 1,08,000 பவுண்டு ஆகிறது. விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உயர்வு 8,000 பவுண்டு.

புதிய திட்டத்தில் இந்த ஆண்டுக்கான வரவு 1,08,000இல் 54இல் ஒரு பங்கு, அதாவது 2,000 பவுண்டு. வரித்துறை இதை 16ஆல் பெருக்கிப் பார்க்கும்: 32,000. பழைய திட்டத்தில் இவர் புதிதாக ஒரு நாள்கூடச் சேர்க்கவில்லை. ஆனாலும் அது கடைசிச் சம்பளத்தோடு கட்டப்பட்டது. இருபது ஆண்டு என்பது 80இல் 20, அதாவது கால் பங்கு. எனவே 8,000 பவுண்டு உயர்வுக்குப் பழைய ஓய்வூதியமும் 2,000 கூடுகிறது. மொத்தத் தொகை 6,000 கூடுகிறது. 2,000ஐ 16ஆல் பெருக்கி 6,000ஐக் கூட்டினால் 38,000. இரண்டும் சேர்ந்து 70,000 பவுண்டு 'வளர்ச்சி'.

அவர் கையில் இதில் ஒரு பைசா வரவில்லை. வர இன்னும் பத்து ஆண்டு ஆகலாம். அதற்குள் அவர் இறந்துபோனால் வராமலே போகலாம். 2019இல் ஆண்டு வரம்பு 40,000. எனவே 30,000 பவுண்டுக்கு 40 விழுக்காடு வரி: 12,000 பவுண்டு. சம்பள உயர்வே 8,000தான். முந்தைய மூன்று ஆண்டுகளில் பயன்படுத்தாத வரம்பு மிச்சமிருந்தால் அதை இழுத்துக்கொண்டுவந்து கழிக்கலாம். பலருக்கு அது ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது.

ஒரே ஒரு பவுண்டு

இதற்கு மேல் 2016 ஏப்ரலில் இன்னொரு விதி வந்தது. பென்ஷன் பிடித்தம் போக வருமானம் 1,10,000 பவுண்டைத் தாண்டியவருக்கு, அவருடைய வருமானத்தையும் ஓய்வூதிய வளர்ச்சியையும் கூட்டிப் பார்ப்பார்கள். அது 1,50,000ஐ மிஞ்சினால், மிஞ்சும் ஒவ்வொரு இரண்டு பவுண்டுக்கும் வரம்பு ஒரு பவுண்டு சுருங்கும். 40,000 என்பது 10,000 வரைக்கும் சுருங்கலாம்.

வளர்ச்சி 70,000, வருமானம் சரியாக 1,10,000 உள்ள ஒரு மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விதி அவரைத் தொடாது. அவர் இன்னும் ஒரே ஒரு பவுண்டு சம்பாதித்தால் கூட்டுத்தொகை 1,80,000 என்று எண்ணப்படும். வரம்பு 25,000 ஆகிவிடும். வரி 6,000 பவுண்டு கூடும். ஒரு சனிக்கிழமை தியேட்டரில் நின்று நான்கு பேரை நடக்க வைத்ததற்கு அரசு கொடுத்த பரிசு இது. இதைக் கண்ட பிறகும் அடுத்த சனிக்கிழமை வா என்று யாரை அழைக்க முடியும்? மருத்துவர்களுக்குப் பேராசை என்று அப்போது சிலர் எழுதினார்கள். அந்தக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்தால் எழுதியிருக்கமாட்டார்கள்.

2019 கடைசியில் நிலைமை கைமீறியது. குளிர்காலம் வருகிறது, ஆள் இல்லை. அந்த ஓர் ஆண்டுக்கான வரியை ஓய்வூதியத்திலிருந்தே கட்டச் சொல்லுங்கள், ஓய்வு பெறும்போது அதை ஈடு செய்துவிடுகிறோம் என்று இங்கிலாந்தின் என்.எச்.எஸ். மருத்துவர்களுக்கு எழுத்து மூலம் வாக்குக் கொடுத்தது. ஓர் அரசு விதித்த வரியை அதே அரசின் இன்னொரு கை திருப்பித் தருவதாகச் சொல்ல வேண்டிவந்தது. விதி எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

■ பெட்டிச் செய்தி: ஏறி இறங்கிய வரம்பு
ஆண்டு வரம்பு 2006இல் 2,15,000 பவுண்டு. 2010இல் 2,55,000 வரை ஏறியது. 2011இல் ஒரே வீச்சில் 50,000. 2014இல் 40,000. 2023 ஏப்ரல் முதல் 60,000.
சுருங்கும் விதி 2020இல் தளர்ந்தது. இன்று வருமானம் 2,00,000ஐயும், வளர்ச்சியோடு சேர்த்து 2,60,000ஐயும் தாண்டுபவர்களுக்கே அது பொருந்தும்.
வாழ்நாள் வரம்பு என்று இன்னொன்றும் இருந்தது. 2010இல் 18 லட்சம் பவுண்டு, 2016இல் 10 லட்சம். 2023இல் அதற்கான வரி நீங்கியது. 2024 ஏப்ரலில் வரம்பே ஒழிந்தது. வரியில்லாமல் எடுக்கும் மொத்தத் தொகைக்கு மட்டும் 2,68,275 பவுண்டு உச்சம் இருக்கிறது.

ஐந்து நாள் தள்ளிவைத்தார்கள்

2022இல் பணவீக்கம் எகிறியபோது இந்தச் சூத்திரத்தில் இன்னொரு ஓட்டை தெரிந்தது. அப்போது ஓய்வூதியம் ஒவ்வோர் ஏப்ரல் 1ஆம் தேதியும் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பட்டுவந்தது. பிரிட்டனின் வரி ஆண்டு முடிவது ஏப்ரல் 5. அதனால் 2023 ஏப்ரல் 1இல் வரவிருந்த உயர்வு 10.1 விழுக்காட்டுப் பணவீக்கத்தை வைத்துக் கணக்கிடப்படும்; அதிலிருந்து கழிக்கவேண்டிய பணவீக்கமோ முந்தைய ஆண்டின் 3.1 விழுக்காடு. இடைப்பட்ட 7 விழுக்காடும் 'வளர்ச்சி'யாகி வரிக்குள் வந்துவிடும். பணத்தின் மதிப்பு குறைந்ததற்கே வரி! குடும்ப மருத்துவர்கள்தான் இதில் அதிகம் மாட்டியிருப்பார்கள். கடைசியில் செய்த தீர்வு என்ன தெரியுமா? ஓய்வூதிய உயர்வுத் தேதியை ஏப்ரல் 1இலிருந்து ஏப்ரல் 6க்கு மாற்றினார்கள். ஐந்தே நாள். வராத வளர்ச்சிக்கு வரவிருந்த வரி அத்தோடு போனது.

2023 மார்ச் 15 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் ஆண்டு வரம்பை 60,000 ஆக்கினார், வாழ்நாள் வரம்பு வரியை நீக்கினார். ஏறக்குறைய ஆறு ஆண்டு சுகாதார அமைச்சராக இருந்தவர் அவர். பிறகு நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவுக்குத் தலைவரானபோது, மூத்த மருத்துவர்களை ஓய்வூதிய விதி வெளியே தள்ளுவது தேசத்துக்கே அவமானம் என்று அவருடைய குழுவே அறிக்கை கொடுத்தது. வங்கி அதிகாரிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த இந்தச் சலுகையைத் தொழிற்கட்சி கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் உண்மை இருந்தது. மருத்துவமனையைக் காப்பாற்ற வரி விதி ஒட்டுமொத்தத்தையும் தளர்த்தியது சரியான வழி அல்ல.

சரியான வழி ஒன்று அரசின் கையிலேயே இருந்தது. நீதிபதிகளுக்கு இதே பிரச்சினை வந்தபோது, உயர் நீதிமன்றங்களுக்கு ஆள் கிடைக்காத நிலை வந்தது. 2022 ஏப்ரலில் அவர்களுக்கென்று வரிச்சலுகைக்கு வெளியே ஒரு தனி ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார்கள். பிடித்தம் செய்யும் பணத்துக்கு வரிச்சலுகை இல்லை. அதனால் ஆண்டு வரம்பும் இல்லை. சமையலறை மேஜைக்குக் கடிதம் வராது. இதையே எங்களுக்கும் கொடுங்கள் என்று பிரிட்டன் மருத்துவச் சங்கமான பி.எம்.ஏ. கேட்டுவருகிறது. இன்றுவரை கொடுக்கவில்லை. 60,000 என்ற எண்ணும் விலைவாசியோடு தானாக உயர்வதல்ல. மேலே போட்ட அதே கணக்கில் இன்றைக்கும் 10,000 பவுண்டு மிஞ்சும், 4,000 பவுண்டு வரி வரும். சம்பளம் உயர உயர அந்தக் கடிதங்கள் மீண்டும் வரத் தொடங்கும்.

அந்தக் கடிதத்தின் விலையைக் கொடுப்பவர் மருத்துவர் மட்டுமல்ல. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. கொரோனாவும் வேலைநிறுத்தங்களும் அதற்குப் பெரிய காரணங்கள். ஆனால் அந்தப் பட்டியலைக் குறைக்க வேண்டியவர்கள் அனுபவமுள்ள கன்சல்டன்ட்கள். அவர்கள் கிளம்பிப் போன இடத்தை ஒரே நாளில் நிரப்ப முடியாது; பள்ளி முடித்த ஒருவர் அந்த இடத்துக்கு வர ஏறக்குறைய பதினைந்து ஆண்டு ஆகும்.

தீர்ப்பு வந்தது, கணக்கு முடியவில்லை

2015 திட்டத்துக்கு எல்லோரையும் மாற்றியபோது, ஓய்வு வயதை நெருங்கியவர்களைப் பழைய திட்டத்திலேயே விட்டுவைத்தார்கள். இது வயது பாகுபாடு என்று நீதிபதிகளும் தீயணைப்பு வீரர்களும் வழக்குப் போட்டார்கள். 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 'மக்ளவுட் தீர்ப்பு' என்று அது பெயர் பெற்றது. விளைவு, 2015 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான ஏழு ஆண்டுகளுக்குப் பழைய திட்டமா புதியதா என்பதை ஊழியரே ஓய்வு பெறும்போது தேர்ந்தெடுக்கலாம்.

கேட்க நல்ல செய்தி. ஆனால் ஏழு ஆண்டும் திரும்பப் பழைய திட்டத்துக்குப் போவதால் அந்த ஏழு ஆண்டின் வரிக் கணக்கும் மாறுகிறது. சிலர் கட்டிய வரி திரும்பி வரும். சிலருக்குப் புதிதாக வரி வரும். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கு இரண்டு கணக்கையும் காட்டும் அறிக்கை அனுப்ப 2025 மார்ச் 31 கெடு வைத்தார்கள். அந்தக் கெடுவுக்குள் பலருக்கு அறிக்கை போகவில்லை. எழுபது வயது நர்ஸ் ஒருவர் தனக்கு வரவேண்டிய பாக்கிக்காகத் தொலைபேசியில் காத்துக் கிடப்பதை நிர்வாகத் தாமதம் என்று சொல்லி யாரும் கடந்துபோகக் கூடாது. அவர் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவருடைய ஆயுளிலிருந்து கழிகிறது.

கேரளத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும்

கன்சல்டன்ட்களின் வரிப் பிரச்சினை செய்தித்தாள்களில் நிறைய வந்தது. அதே மருத்துவமனையின் வார்டில் நடப்பது அந்த அளவுக்கு வரவில்லை. அங்கே சிலர் ஓய்வூதியத் திட்டத்தைவிட்டே விலகுகிறார்கள்.

விமானச் செலவுக்கும் தேர்வுக்கும் கடன் வாங்கிக்கொண்டு போன நர்ஸ், முதல் சம்பளச் சீட்டைப் பார்க்கிறார். வரி, தேசியக் காப்பீடு, அதற்குக் கீழே 'சூப்பரானுவேஷன்' என்று பென்ஷன் பிடித்தம் இருநூற்றுச் சொச்சம் பவுண்டு. வாடகை இருக்கிறது, ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. வயதான காலத்தில் வரப்போகும் பணம் இப்போது எதற்கு? எப்படியும் மூன்று நான்கு ஆண்டில் ஆஸ்திரேலியா போய்விடுவோம் என்று தோழி சொல்கிறாள். விலகுவதற்கான படிவம் எஸ்.டி.502. ஒரு கையெழுத்துப் போதும்.

அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்துக்கு அவர் வீட்டில் உடனடித் தேவை இருக்கிறது. ஆனால் அந்தக் கையெழுத்தில் எதெல்லாம் போகிறது என்பதை யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியாக வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: ஒரு நர்ஸின் கணக்கு
2025–26இல் 'பேண்ட் 5' நர்ஸின் தொடக்க ஆண்டுச் சம்பளம், லண்டன் படி சேர்க்காமல், 31,049 பவுண்டு. பிடித்தம் 8.3 விழுக்காடு: மாதம் சுமார் 215 பவுண்டு. வரிச்சலுகை போகக் கையைவிட்டுப் போவது சுமார் 172.
அவர் பெயரில் அரசு செலுத்துவது 23.7 விழுக்காடு: ஆண்டுக்கு 7,300 பவுண்டுக்கு மேல். விலகினால் அது சம்பளத்தில் சேராது. அப்படியே இல்லாமல் போகும்.
ஓர் ஆண்டு வேலைக்குச் சேரும் ஓய்வூதியம்: ஆண்டுக்கு 575 பவுண்டு, வாழ்நாள் முழுக்க, விலைவாசி உயர்வோடு.
வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம்: 62,000 பவுண்டு. துணைக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் தனி.

கடைசி வரியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 2020இல் கொரோனா வார்டுகளில் முதலில் உயிரிழந்த மருத்துவர்களும் நர்ஸுகளும் யார் என்று பார்த்தால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய. திட்டத்தில் இல்லாதவர்களின் குடும்பமும் கைவிடப்படக் கூடாது என்று அரசு அப்போது 60,000 பவுண்டு நிவாரணத் திட்டம் ஒன்றை அவசரமாகக் கொண்டுவந்தது. அது அந்தப் பேரிடருக்கு மட்டும். இன்று திட்டத்திலிருந்து விலகிய ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்தால், அந்த இரண்டு ஆண்டுச் சம்பளம் அவருடைய பிள்ளைகளுக்குக் கிடையாது.

விலகியவர்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தானாகத் திரும்பச் சேர்ப்பார்கள். அப்போது மறுபடி விலகாமல் இருப்பதே பெரிய காரியம். இரண்டு ஆண்டு முடிவதற்குள் நாட்டைவிட்டுப் போகிறவர் தான் கட்டியதை வரி கழித்துத் திரும்பப் பெறலாம். அரசு செலுத்திய பங்கு கிடைக்காது. இரண்டு ஆண்டு முடிந்துவிட்டால் அந்த ஓய்வூதியம் உங்களுடையது. எந்த நாட்டில் இருந்தாலும் உரிய வயதில் வரும்.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு

ஓய்வுக்குப் பிறகு சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ குடியேற நினைப்பவர்கள் இரண்டு பென்ஷனையும் குழப்பிக்கொள்கிறார்கள். என்.எச்.எஸ். ஓய்வூதியம் நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப உயரும். ஸ்டேட் பென்ஷன் அப்படியல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்பவர்களுக்கு அது முதல் நாள் எவ்வளவோ அவ்வளவிலேயே உறைந்துபோகும். இருபது ஆண்டு கழித்தும் அதே தொகைதான். திரும்பும் முடிவை எடுக்கும்போது இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

உங்கள் என்.எச்.எஸ். பென்ஷனைத் தனியார் நிதிக்கு மாற்றி மொத்தமாகக் கையில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். 2015 ஏப்ரல் முதல் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

அக்டோபர் 6ஆம் தேதிக்குள் 'பென்ஷன் சேவிங்ஸ் ஸ்டேட்மென்ட்' வந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள். ஜனவரி 31க்குள் வரிக் கணக்கில் அதைக் காட்டியாக வேண்டும். கையில் பணம் இல்லையென்றால் 'ஸ்கீம் பேய்ஸ்' முறையில் திட்டமே வரியைக் கட்டி, வட்டியோடு ஓய்வூதியத்தில் பின்னால் கழித்துக்கொள்ளும். முந்தைய மூன்று ஆண்டு வரம்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பவுண்டுகூடக் கட்டாதீர்கள். நர்ஸுகளுக்கு ஒரே வேண்டுகோள்தான்: எஸ்.டி.502இல் கையெழுத்துப் போடும் முன், உங்கள் தொழிற்சங்கத்தின் ஓய்வூதிய ஆலோசகரிடம் ஒரு முறை பேசுங்கள். விலகலைத் தள்ளிப்போட்டால் அடுத்த மாதமும் விலகலாம். விலகியிருந்த மாதங்களின் ஓய்வூதியத்தையும் அரசுப் பங்கையும் பிறகு திரும்பப் பெற முடியாது.